போனில் வைஃபை நன்றாக ஓடுகிறது, ஸ்மார்ட் பல்பும் பிளக்கும் மட்டும் அடிக்கடி ‘ஆஃப்லைன்’ ஆகின்றன. ரௌட்டரை மாற்றலாமா?

கொண்டோவில் ஃபைபர் லைன், லைனோடு வந்த ரௌட்டர், சிக்னல் போதவில்லை என்று நீங்களே வாங்கி மாட்டிய இன்னொன்று. இப்போது மூன்றாவதாக விலை கூடிய ஒன்றை வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்காதீர்கள். இதே யோசனையில் கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடைவளாகத்துக்குப் போய் இருநூறு வெள்ளிக்கு மேல் வைத்துவிட்டு வந்தவன் நான். வாங்கி வந்த ரௌட்டரில் ஒரு குறையும் இல்லை. மாட்டிய விதத்தில்தான் கோளாறு, மாட்டியது நான்.

எங்கள் வீடு செந்தூலில், 14வது மாடி. ஹால் பல்புகளுக்கு ஒரு சின்ன ஹப் (பல்புகளை ரௌட்டரோடு இணைக்கும் பெட்டி) உண்டு. சாமி மேடையில் இருக்கும் மின்விளக்கு ஸ்மார்ட் பிளக்கில் மாலை 7 மணிக்குத் தானாக எரியும். அம்மாவுக்கு முட்டி வலி, குனிந்து சுவிட்ச் தட்ட முடியாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. புது ரௌட்டர் வந்த மூன்றாம் நாள் செயலி ‘ஹப் கிடைக்கவில்லை’ என்றது. வேடிக்கை என்னவென்றால், கீழே மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே என்னால் ஹால் விளக்கை அணைக்க முடிந்தது, மேலே வந்து சோபாவில் உட்கார்ந்தால் முடியவில்லை. “ஏங்க, ஹால் லைட்டு தன்னால எரியுது, தன்னால அணையுது, கொஞ்சம் மேல வாங்க” என்று மனைவி பயந்துபோய் போன் செய்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது.

நீங்களும் அந்தச் சோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும். பிளக்கின் பட்டனை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்யும் வேலையே வேண்டாம்; இருந்த தடயமும் போய்விடும், இணைக்கிற வேலையும் முதலில் இருந்து. போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் செயலியைத் திறந்து பாருங்கள். டேட்டாவில் வேலை செய்து வீட்டு வைஃபையில் மட்டும் முரண்டு பிடித்தால் சாதனம் நலமாக இருக்கிறது, போனும் அதுவும் ஒன்றையொன்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். இரண்டிலும் செய்யவில்லை என்றால் பெரும்பாலும் அது ரௌட்டரையே எட்டவில்லை. திரையில் வருவது ஒரே ‘ஆஃப்லைன்’, ஆனால் நோய் வேறு வேறு.

எனக்கு ஹப் விஷயத்தில் முதல் நோய். மொபைல் டேட்டாவில் என் செயலி இணையத்தில் உள்ள கம்பெனி சர்வர் வழியாக ஹப்பை எட்டும்; வைஃபையில் இருக்கும்போது அந்தப் பக்கம் போகாமல் ஹப்பை வீட்டுக்குள்ளேயே தேடும். தேடுவது எப்படி என்றால், ‘யாரப்பா அங்கே?’ என்று பொதுவாக ஒரு குரல் கொடுக்கும். இதற்கென்றே 224.0.0.251 என்று ஒரு முகவரி இருக்கிறது. அந்தக் குரல் ஒரு ரௌட்டரைத் தாண்டி அடுத்த நெட்வொர்க்குக்குப் போகாது. என் ஹப் கேபிளில் பழைய ரௌட்டரோடு, போன் புது ரௌட்டரோடு. இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்த என் கெட்டிக்காரத்தனத்தால், இரண்டு வேறு நெட்வொர்க் என்பதே கண்ணுக்குத் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. போனில் வைஃபை விவரத்தைத் திறந்தால் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அந்தப் போனுக்குக் கிடைத்த எண்) வரும். என் போனில் 192.168.0.23. பழைய ரௌட்டரில் இணைந்த சாதனங்களின் பட்டியலில் ஹப் 192.168.1.14. வீட்டு ரௌட்டர்களில் பெரும்பாலும் மூன்றாவது எண்தான் எந்த நெட்வொர்க் என்று சொல்லும். அங்கே 0, இங்கே 1. புது ரௌட்டரின் மெனுவில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் அது முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாகிவிடும், எல்லாம் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். ஐந்து நிமிட வேலை. இதற்கு நான் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன்.

உங்களுக்கு எண் ஒன்றாகவே இருந்தால், பல்புகளை ‘கெஸ்ட்’ வைஃபையில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதில் இருப்பவை வீட்டின் மற்ற சாதனங்களோடு பேச முடியாதபடி பெரும்பாலும் பூட்டியிருக்கும். மேட்டர் முத்திரை உள்ள சாதனங்கள் (ஸ்மார்ட் சாதனங்களுக்கென்று 2022 அக்டோபரில் வந்த பொதுத் தரம்) என்றால் இன்னொன்றும் உண்டு: யாராவது சொன்னார்கள் என்று ரௌட்டரில் ஐபிவி6-ஐ (புது வகை ஐபி முகவரி முறை) அணைத்து வைத்திருந்தால் திரும்பப் போடுங்கள், அவை அதில்தான் பேசும்.

சாமி விளக்கு பிளக்கின் நோய் வேறு. மலிவு விலை பிளக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். போன் பெரும்பாலும் 5-இல் ஓடும். அதனால்தான் உங்கள் வீடியோ ஓடுவதை வைத்து பிளக்கின் நிலைமையைக் கணிக்க முடியாது. கொண்டோவில் மேல், கீழ், பக்கம் எல்லா வீட்டு வைஃபையும் அந்த 2.4-இல் வந்து நெரிசல். ரௌட்டரில் சேனலை (அந்த அலைவரிசைக்குள் உள்ள தடம்) ‘ஆட்டோ’வில் விடாமல், இலவச வைஃபை ஸ்கேன் செயலி ஒன்றை வைத்துப் பார்த்து, 1, 6, 11 இந்த மூன்றில் கூட்டம் குறைந்ததைப் போடுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-வும் ஏற்கும்படி மாற்றுங்கள். பழைய பிளக்குக்கு 3 புரியாது. என் ரௌட்டர் வாசல் பக்கத்து இரும்புப் பெட்டிக்குள் கதவு சாத்தி உட்கார்ந்திருந்தது. வெளியே எடுத்துச் செருப்பு அலமாரி மேல் வைத்ததில் வந்த பலன் வேறு எதிலும் வரவில்லை. பார்க்க அழகாக இல்லை என்று மனைவிக்கு இன்னும் குறை.

இவ்வளவும் சரி செய்த பிறகும் சில மாலைகளில் விளக்கு எரியவில்லை. “உன் மெஷினு இன்னிக்கு சாமி கும்பிடலைய்யா” என்பார் அம்மா. எல்லாமே மழை நாட்கள். நம்ம ஊர் இடி உங்களுக்குத் தெரியும்: சாயங்காலம் ஒரு வெட்டு வெட்டும், பிரேக்கர் ட்ரிப் ஆகும், யாராவது போய்த் தூக்கி விடுவோம். பிளக் சில வினாடிகளில் விழித்துவிடும். ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை தேடிப் பார்த்துச் சில பிளக்குகள் ஓய்ந்துபோகும். அதற்கு மேல், என்னுடையது போன்ற பிளக்கில் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் மணி என்ன என்று இணையத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். மணி தெரியாத பிளக்குக்கு 7 ஏது?

இதற்கு நான் செலவு எதுவும் செய்யவில்லை. பிளக்கை அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்து சாக்கெட்டுக்கு மாற்றினேன். இடி இடித்துக் கரண்ட் வந்தால், ரௌட்டரில் பச்சை விளக்கெல்லாம் வரும்வரை பார்த்திருந்து, பிறகு அந்த சுவிட்சை ஒரு முறை அணைத்துப் போடுவார். பிளக் மணியைத் தெரிந்துகொள்ளும், 7 மணிக்கு விளக்கும் எரிந்துவிடுகிறது. “இதுக்கு முன்ன மாதிரி நேரா விளக்கையே போட்டிருக்கலாமே” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.