‘வாரண்ட் இல்லாமல் பிடிக்க முடியாது’ என்றார்களா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்கு வாக்கப்பட்டு வந்து ஒன்பது வருசம் ஆச்சுங்க அக்கா. குடிச்சா அடிதான். போன மாசம் தோசைக் கரண்டியைக் காய வெச்சுக் கையில சூடு இழுத்துட்டார். பக்கத்து வீட்டுக்காரங்க 112-க்குப் போன் பண்ணாங்க. வந்த போலீஸ்காரர், “வாரண்ட் இல்லாம கூட்டிட்டுப் போக முடியாது, பேசித் தீர்த்துக்குங்க”ன்னுட்டார். இப்ப பொள்ளாச்சியில அம்மா வீட்டுல இருக்கேன். இங்கே ஸ்டேஷன்ல, “கேரளா கேஸ், அங்கே போங்க”ங்கறாங்க.

பதில்: அம்மிணி, ரெண்டு பேர் சொன்னதும் தப்பு. மனைவியைக் கொடுமைப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 85-ஆவது பிரிவில் வரும் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ-தான், 2024 ஜூலையில் சட்டத்தின் பேரும் எண்ணும் மாறிவிட்டன. மூன்று வருடம் வரை சிறை. வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் இந்தப் பிரிவுக்குப் பக்கத்து வீட்டார் போன் போதாது. நீங்களோ, அம்மா, அண்ணன் மாதிரி உறவினரோ புகார் கொடுக்க வேண்டும்.

‘செய்யலாம்’ என்றேன், கவனித்தீர்களா? ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் தேவை என்று போலீஸ் எழுதி வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அதனால் “அடிக்கிறார்” என்று ஒரு வரி எழுதினால் வேலைக்கு ஆகாது. கரண்டி, தேதி, எந்தக் கை, மிரட்டியிருந்தால் அதே வார்த்தை, எல்லாம் தமிழிலேயே எழுதுங்கள். சூடான பொருளால் காயப்படுத்துவது 118-ஆவது பிரிவில் தனிக் குற்றம். அதற்கும் வாரண்ட் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் என்ன சொன்னீர்கள்? “அடுப்பு பட்டுருச்சு” என்று ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்) பதிவான எத்தனை கைகளைப் பார்த்துவிட்டேன்! அப்படிச் சொல்லியிருந்தால், ஏன் சொன்னீர்கள் என்பதையும் புகாரில் எழுதிவிடுங்கள்.

கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட் லாரிக்குத்தான், புகாருக்கு இல்லை. அடி தாங்காமல் தாய் வீட்டுக்கு வந்தவர் அங்கேயே 498ஏ புகார் கொடுக்கலாம் என்று 2019-இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. எங்கே நடந்திருந்தாலும் பொள்ளாச்சி ஸ்டேஷன் வாங்கத்தான் வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

கூடவே 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவுக்கு இங்கேயே மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுங்கள். 181-இல் கேட்டால் பாதுகாப்பு அலுவலரிடம் அனுப்புவார்கள். மாஜிஸ்திரேட் தரும் உத்தரவு கொழிஞ்சாம்பாறையிலும் செல்லும். அதை உங்கள் கணவர் மீறினால் அதுவே குற்றம்: ஒரு வருடம் வரை சிறை, வாரண்ட் இல்லாமல் கைது.

தழும்பு மங்குவதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள். கரண்டியை எடுக்க அந்த வீட்டுக்குப் போக வேண்டாம், அதைக் கைப்பற்றுவது போலீஸ் வேலை.