கிறிஸ்தியான்சுண்டில் எந்தத் தேவாலயத்தை முதலில் பார்ப்பது?

தங்கச்சி, நோர்வேக்கு வந்து முதல் கோடை, கிறிஸ்தியான்சுண்டைச் சுற்றியுள்ள பழைய தேவாலயங்களைப் பார்க்க ஆசை, ஆனால் நாங்கள் சைவக் குடும்பம், உள்ளே போகலாமா, எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். யாரும் சமயம் விசாரிக்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றவும் தேவையில்லை; வாசலில் கால் தானாகத் தயங்கும், எனக்கு இன்றைக்கும் அப்படித்தான். ஆராதனை நடக்கிறது என்றால் மட்டும் பின் வரிசையில் அமைதியாக உட்கார்ந்துவிடுங்கள், படம் எடுக்க வேண்டாம்.

முதலில் ஆவரோய் தீவிலுள்ள க்வேர்னெஸ் தேவாலயத்துக்குப் போங்கள். நான் முதன்முறை போனபோது ஃபெரியில் காரை ஏற்றிக்கொண்டு போனோம். 2009இல் கடலடிச் சுரங்கம் திறந்தபின் அந்தக் காத்திருப்பு இல்லை. கரிய மரக்கட்டடம், கீழே ஃபியோர்ட், அதாவது நிலத்துக்குள் நீண்டு வரும் கடல். உடனே உள்ளே நுழைந்துவிடாதீர்கள். வெளிச்சுவரைச் சுற்றி ஒருமுறை நடங்கள். சரிந்து நிற்கும் மரக்கால்கள் சுவருக்கு முட்டுக்கொடுத்திருப்பது தெரியும். மோரே என்னும் இந்தப் பகுதியின் கடற்கரைக் காற்றுக்குத் தச்சர்கள் சொன்ன பதில் அது. வெயில் காயும் ஜூலை நாளில் சுவரில் கை வைத்தேன்; பைன் மரத் தார் இளகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. வீடு திரும்பும்வரை புகையும் பிசினும் கலந்த அந்த மணம் போகவில்லை. மழையிலிருந்து இந்த மரத்தைக் காப்பது அந்தத் தார்தான்.

இவ்வகைக் கட்டடத்தை ஸ்தாவ்சிர்க்கெ என்பார்கள். ஸ்தாவ் என்றால் நிற்கும் தூண். இங்குள்ள பழைய வீடுகளில் மரங்களைப் படுக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். இதில் எல்லாம் நிமிர்ந்து நிற்கும். மிகப் பழைய காலத்தில் தூண்களை மண்ணில் புதைத்தார்கள், அடி உளுத்துப் போனது. பிறகு கல்லை வைத்து, அதன்மேல் கனத்த உத்தரங்களால் சட்டம் கட்டி, தூண்களை அந்தச் சட்டத்தில் நிறுத்தினார்கள். ஈரம் தூணின் காலைத் தொடாது. ஆயிரத்துக்கும் மேல் இருந்ததில் இன்று நோர்வேயில் நிற்பவை 28தான்.

க்வேர்னெஸ் 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது, மரங்கள் வெட்டப்பட்டதே 1630களின் தொடக்கத்தில் என்று தெரிந்தது. சிலருக்கு அது ஏமாற்றம். எனக்கோ அன்றிலிருந்து மதிப்புக் கூடிவிட்டது: கத்தோலிக்க காலம் முடிந்து நூறு வருடமாகியும் இந்தக் கரையில் அந்தத் தச்சுக் கைவேலை சாகாமல் இருந்திருக்கிறதே! உள்ளே கூரையிலிருந்து ஒரு சிறு மாதிரிக் கப்பல் தொங்கும், அண்ணாந்து பாருங்கள். கரையோரத் தேவாலயங்களில் அது வழக்கம்.

அடுத்தது க்ரீப். திறந்த கடலில் சுமார் 14 கிலோமீற்றர் தள்ளிக் கிடக்கும் பாறைத் தீவு. 1470 அளவில் எழுந்து 1621இல் பெரிதும் திருத்திக் கட்டிய சின்னஞ்சிறு தேவாலயம் தீவின் மிக உயரமான இடத்தில் நிற்கிறது. உயரம் என்றாலும் கடல்மட்டத்திலிருந்து எட்டு மீற்றர்தான். 1796ஆம் ஆண்டுப் புயலில் வீடுகள் கடலோடு போயின, இது நின்றது. பீடத்தின் சிற்பப் பேழையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: 1515இல் டென்மார்க் அரசனுக்கு மணமகளாக வந்த இளவரசி இசபெல்லா, கடலில் புயலுக்குத் தப்பிய நன்றிக்காகக் கொடுத்தாளாம். கடைசிக் குடும்பங்கள் 1974இல் தீவை விட்டன. ஆளில்லாத மாரிகாலத்தில் அந்தக் கதவைக் காற்று எப்படி அறையும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும்.

நகருக்குள் இருக்கும் சிர்க்கெலாண்டெ தேவாலயத்தை ஒரு மாலையில் பார்த்துவிடலாம். 1940 குண்டுவீச்சில் பழையது எரிந்தது. இது 1964இல் ஒட் ஏஸ்த்பியூ வடிவமைத்த வெள்ளைக் கொங்கிறீட். பீடத்தின் பின்சுவர் முழுக்க 320 வண்ணக் கண்ணாடிகள், கீழே மண்நிறம், மேலே போகப்போக வெண்மை. வெயில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

க்வேர்னெஸ் கோடையில்தான் திறந்திருக்கும், டிக்கெட் உண்டு. க்ரீப் படகும் கோடையில்தான். கடல் கொந்தளித்தால் படகு போகாது, அதனால் ஒரே நாளை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஜூலையானாலும் தடித்த ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். போகும் நாளை முன்கூட்டிச் சொன்னால் நானும் வருகிறேன். க்ரீப்பைப் பார்த்து நாலு வருடமாகிறது.