விறகு, மார், புல்: எரிபொருள் பயிர்கள் பற்றி மதுரைப் பக்கத்துக் கேள்விகள்

எரிபொருளுக்கென்று பயிர் வைப்பது, விறகை ஆலைகளுக்கு விற்பது, காட்டில் கழிவு எடுப்பது பற்றி நம் வட்டார நண்பர்கள் கேட்டவை இவை. விலை கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்லவில்லை. அது வாரத்துக்கு வாரம் மாறும்.

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல் இருக்கிறது. காட்டாமணக்கு போட்டால் டீசல் எண்ணெய்க்கு வாங்கிக்கொள்வோம் என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம் தம்பி. 2003-ல் மத்தியத் திட்டக் குழு காட்டாமணக்கைப் பெரிதாக முன்வைத்தது. 2009-ல் வந்த உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் டீசலில் இத்தகைய தாவர எண்ணெய் எரிபொருளை 20 சதவீதம் கலப்பது என்று இலக்கு வைத்தது. அதன் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. 2018 கொள்கையில் இலக்கு 2030-க்குள் 5 சதவீதமாக இறங்கியது. தண்ணீர் இல்லாமலும் செடி சாகாது என்பது உண்மைதான். ஆனால் உயிரோடு நிற்பது வேறு, காய்ப்பது வேறு. காய் ஒன்றாகப் பழுக்காது, திரும்பத் திரும்ப ஆள் விட்டுப் பறிக்க வேண்டும். பிண்ணாக்கு நஞ்சு என்பதால் மாட்டுக்கும் வைக்க முடியாது. பருத்தியும் சோளமும் விளைகிற கரிசலை இதற்குக் கொடுக்காதீர்கள்.

பேரையூரிலிருந்து: அப்படியானால் பருத்திமாரை (பஞ்சு எடுத்த பிறகு நிற்கும் காய்ந்த செடியை) விற்கலாமா? இப்போது நிலத்திலேயே கொளுத்திவிடுகிறோம்.

தாராளமாக விற்கலாம். நம் பக்கத்தில் கையில் இருக்கிற நல்ல எரிபொருள் அதுதான், புதிதாக ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காது. மாரை நிலத்தில் விட்டுவைத்தால் வெடிக்காத காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கும், ஆகவே எடுப்பது பயிருக்கும் நல்லது. இலை உதிர்ந்த பிறகு பிடுங்குங்கள். சத்து இலையில்தான் அதிகம், அது மண்ணுக்கே போகட்டும்.

மேலூரிலிருந்து: வைக்கோலை பாய்லருக்கு விற்க முடியுமா?

வைக்கோலில் சாம்பல் 15 சதவீதத்தையும் தாண்டும். சிலிக்காவும் பொட்டாசும் சேர்ந்து உருகி பாய்லருக்குள் கட்டியாகப் பிடிக்கும். மாடு இருக்கிற ஊரில் அது மாட்டுக்குத்தான்.

அவனியாபுரத்திலிருந்து: சார், விறகு எடை போட்டு வாங்கும் ஆலையில் ஈரம் என்று சொல்லிக் கழிக்கிறார்கள். நியாயமா?

கழிப்பது நியாயம்தான், எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அன்று வெட்டிய விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவும் விறகுதான் எரிய வேண்டும். 20 சதவீத ஈரம் உள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 3,400 கிலோகலோரி கொடுக்கும். 50 சதவீதம் இருந்தால் 1,900 அளவுக்கு இறங்கிவிடும். நம் வெயிலை வைத்துக்கொண்டு பச்சை விறகை லாரி ஏற்றுவது தண்ணீருக்கு வாடகை கொடுப்பது மாதிரி. தடித்த கட்டையைப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கிக் காயவிடுங்கள். ஈரம் அளக்கும் கருவியை உங்கள் கண்முன் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருப்புவனத்திலிருந்து: கண்மாய் முழுக்கச் சீமைக் கருவேலம். விறகு எரிக்கும் மின் நிலையங்கள் வாங்கினால் அது ஒழிந்துவிடும் அல்லவா?

ஒழியாது, அம்மா. விறகாக அது அருமையானது: கனம், சாம்பல் குறைவு. ஆனால் தூரை விட்டு வெட்டினால் பல கிளையாகத் துளிர்த்து, மூன்று நான்கு ஆண்டில் மறுபடி வெட்டுக்கு வரும். வாங்குகிறவருக்கு அதுதான் லாபம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது மேலே மட்டும் அறுத்துவிட்டுப் போனால் மறுபடி துளிர்க்கும் என்பதைப் பல இடங்களில் பார்த்தோம். ஏலம் விடும்போதே தூரோடு பிடுங்க வேண்டும் என்று எழுத வேண்டும். ஆட்டுப் புழுக்கையில் வரும் விதை அடுத்த மழையில் முளைக்கும், அதையும் இரண்டு மூன்று ஆண்டு பறிக்க ஆள் வேண்டும். கரையில் பனை, உள்ளே நாட்டுக் கருவேலம் என்று வைத்தால்தான் இடம் மறுபடி சீமைக் கருவேலத்துக்குப் போகாது.

கரிமூட்டம், அதாவது விறகை மூடி எரித்துக் கரியாக்குவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கிலோ கரிக்கு நான்கைந்து கிலோ விறகு போகிறது; வெப்பத்தில் பாதியோ அதற்கு மேலோ புகையாகிவிடும். ஆனாலும் அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இராமநாதபுரம் வரை இருக்கின்றன. அவர்களுக்கு வேறு வழி காட்டாமல் மூட்டத்தை மூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாடிப்பட்டியிலிருந்து: கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லை எரிபொருளுக்கு வளர்க்கலாமா?

பாசனம் இருந்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன் பச்சைப் புல்கூட வரும், ஆனால் அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். எரிக்க ஆகாது, சாண எரிவாயுக் கலனுக்கு ஆகும். கலன் பக்கத்தில் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம்.

சாப்டூரிலிருந்து: மலைக் காட்டில் காய்ந்து விழுந்த மரம் வீணாகத்தானே கிடக்கிறது? எடுத்தால் என்ன?

அந்த மலை சாம்பல் நிற அணில் சரணாலயம்; 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. சரணாலயங்களில் பட்ட மரத்தையும் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பொந்தில் தங்கும் உயிர்கள், பூஞ்சை, வண்டு எல்லாம் அந்தக் கட்டையில்தான் வாழ்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1989-ல் தொடங்கிய நீண்டகால மண்வள ஆய்வில், தண்டை மட்டும் எடுத்த இடம், முழு மரத்தையும் எடுத்த இடம், சருகையும் சேர்த்து வழித்த இடம் என்று பிரித்துப் பார்த்தார்கள். பத்து ஆண்டு முடிவில், சருகை வழித்த இடங்களில் மண்ணின் கரிமம் குறைந்திருந்தது. உங்கள் சொந்தத் தோப்புக்கும் இது பொருந்தும்: கட்டையை எடுங்கள், சருகையும் தழையையும் மிலாறையும் (சின்னக் குச்சிகளையும்) விட்டுவிடுங்கள்.

மீண்டும் திருமங்கலம்: பாய்லர் சாம்பலை இலவசமாகத் தருகிறார்களாம். கரிசலில் போடலாமா?

கரிசல் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது, விறகுச் சாம்பல் அதைக் கூட்டும். செவலில் (செம்மண்ணில்), மண் பரிசோதனையில் புளிப்பு (அமிலத்தன்மை) என்று வந்தால் மட்டும், கொஞ்சமாகப் போடலாம். அதில் தழைச்சத்து கிடையாது, எருவைக் குறைத்துவிடாதீர்கள்.