பழைய கணினிகளும் டெர்மினல்களும் ஏன் இவ்வளவு அழகாகத் தெரிகின்றன? வெறும் நாஸ்டால்ஜியாவா?

நீங்கள் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், தப்பில்லை. நான் 1994இலிருந்து ஏழு வருடம் கோவையில் ஒரு மில்லில் டெர்மினலுக்கு (பெரிய கணினியோடு இணைத்த திரையும் கீபோர்டும்) முன்னால் உட்கார்ந்து சம்பளப் பட்டியல் ஓட்டியவன். அதனால் நாஸ்டால்ஜியா எனக்கும் உண்டு, இல்லை என்று சாதிக்கப் போவதில்லை. ஆனால் அது மட்டும் இல்லை.

டெக் (DEC) என்ற அமெரிக்கக் கணினிக் கம்பெனியின் விடி100 டெர்மினல் (1978) எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் புள்ளி வரும் இடத்தில், திரையில் எழுத்தை வரையும் எலக்ட்ரான் கற்றை முழு வெளிச்சத்துக்கு ஏறுவதற்குள் அணைந்துவிடும், அதனால் நிற்கும் கோடுகள் படுத்த கோடுகளைவிட மங்கலாக விழும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு புள்ளியையும் வலப்பக்கம் இன்னும் ஒரு புள்ளி அளவுக்கு இழுத்துவிட்டார்கள். அந்த எழுத்தின் தடிமனும் வழுவழுப்பும் அங்கிருந்துதான் வந்தன, அழகுக்காக யாரும் மெனக்கெடவில்லை. இப்போது 'ரெட்ரோ' என்று இறக்கிக்கொள்ளும் பல ஃபான்ட்டுகளில் இந்த இழுப்பு கிடையாது, வெறும் சதுரங்கள்தான் இருக்கும், பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிறமும் அப்படித்தான். 1983இல் வந்த விடி220ஐப் பச்சை, ஆம்பர் (தேன் நிறம்), வெள்ளை என்று மூன்று பாஸ்பரில் (திரைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிரும் பூச்சு) வாங்க முடிந்தது. எங்களுடையது வேறு பிராண்ட், ஆம்பர். இருட்டு அறையில் எழுத்து மட்டும் அடுப்புத் தணல் மாதிரி நிற்கும். இப்போதைய ஓஎல்இடி திரையிலும் கருப்பு கருப்பாகத்தானே இருக்கிறது என்பீர்கள், சரி, இருக்கிறது. அதில் எழுத்தின் ஓரம் கத்தி வெட்டு, இதில் லேசாகக் கசியும். அப்புறம், கண் எரியும் என்று சொல்ல வருபவர்களுக்கு: எரியும்தான், நானே 2001இல் கண்ணாடி போட்டேன். நல்லது என்று சொல்லவில்லை, அழகு என்றுதான் சொல்கிறேன். (டெக்கின் பழைய கணினியான பிடிபி-11/70இன் முகப்பில் ரோஸும் ஊதாவுமாக வரிசை கட்டிய சுவிட்சுகளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதற்கு வக்காலத்து வாங்க எனக்குத் தகுதியில்லை.)

மில்லில் எல்லாவற்றையும் மாற்றியபோது எட்டு டெர்மினல்களையும் எடைக்குப் போட்டார்கள். உக்கடத்தில் பழைய இரும்புக் கடைக்காரரிடம் பேரம் பேசி 150 ரூபாய்க்கு ஒன்றைத் திரும்ப வாங்கி வந்தேன். வீட்டில் துடைத்து வைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், பிளக்கே சொருகாத திரையில், கண்ணாடிக்குப் பின்னால் பழுப்பாக ஒரு வரி. 'பேரோல் மெயின் மெனு'. அதற்குக் கீழே ஒன்று முதல் ஏழு வரை எண்கள். வருடக்கணக்கில் ராப்பகலாக ஒரே மெனு நின்று பாஸ்பர் தேய்ந்துபோயிருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டுவேன், என் மனைவி உடனே காபி போட எழுந்து போய்விடுவாள்.

ஐந்தாம் எண் ஓவர்டைம். எல்லாருடைய ஓவர்டைமையும் அதில்தான் ஏற்றுவேன். என்னுடையது மட்டும் 'நீங்க ஸ்டாஃப், உங்களுக்குக் கிடையாது' என்று போய்விட்டது, தீபாவளி மாதங்களில் விடிய விடிய உட்கார்ந்ததற்கும் சேர்த்து. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் அந்தத் திரையில் ஐந்துதான் மற்ற எண்களைவிட ஆழமாகப் பதிந்திருப்பது போல எனக்குத் தெரிகிறது.