டேசியர்கள் யார்? ருமேனியர்கள் அவர்களைத் தங்கள் முன்னோர் என்று சொல்வது எவ்வளவு தூரம் சரி?

ருமேனியர்கள் பேசுவது லத்தீன் வழி வந்த மொழி, நாட்டின் பெயரில் இருப்பது ரோம். அப்படியிருக்க ரோமிடம் தோற்ற டேசியர்களை எப்படி முன்னோர் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ருமேனியாவின் கிளுஜ் நகரில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் நான். அங்கே பழகிய ருமேனியர்கள் மனம் விட்டுப் பேசும்போதெல்லாம் எங்காவது இந்த விஷயம் வந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நமக்கு முரணாகத் தெரியும் இரண்டையும் அவர்கள் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். டேசியாவைப் பிடித்த ரோமானியப் பேரரசர் டிராஜன். அவரிடம் தோற்று உயிரை விட்ட டேசிய மன்னர் டெசிபாலஸ். இரண்டு பேருடைய பெயரையும் அங்கே பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள், தெருக்களுக்கும் வைக்கிறார்கள். 2004 முதல் 2014 வரை குடியரசுத் தலைவராக இருந்தவர் டிராயான் பசெஸ்கு. அந்த நாட்டில் தயாராகும் காரின் பெயர் டேசியா. தேசிய கீதத்தில் டிராஜன் பெயர் உண்டு, டெசிபாலஸ் பெயர் கிடையாது. ஆனால் டான்யூப் கரையில் ஓர்ஷோவா பக்கம் மலைப்பாறையையே குடைந்து நாற்பது மீட்டருக்கு மேல் உயரமாக ஒரு முகம் செதுக்கியிருக்கிறார்கள். அது டெசிபாலஸ் முகம். 1994இல் தொடங்கி 2004இல் முடித்தார்கள். எதிர்க்கரையில், செர்பியா பக்கம், டிராஜன் பாதை போட்டதைச் சொல்லும் ரோமானியக் கல்வெட்டு இருக்கிறது.

சரி, யார் இந்த டேசியர்கள்? கார்பாத்திய மலைகளிலும் டான்யூப் ஆற்றுக்கு வடக்கிலும் வாழ்ந்த, திரேசிய இனத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மக்கள். கிரேக்கர்கள் இவர்களையும் இவர்களின் நெருங்கிய சொந்தங்களையும் கெட்டாய் என்று அழைத்தார்கள். பாரசீக மன்னர் டாரியஸ் படையெடுத்து வந்தபோது எதிர்த்து நின்ற இவர்களை, திரேசியர்களிலேயே வீரமும் நேர்மையும் மிகுந்தவர்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். இந்த ஒரு வரியை ருமேனியாவில் படித்தவர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சால்மொக்சிஸ் என்ற தெய்வத்தை நம்பினார்கள், செத்தால் அவரிடம் போய்ச் சேர்வதாக எண்ணினார்கள் என்பதும் ஹெரோடோட்டஸ் சொல்லித்தான் தெரியும்.

கி.மு. முதல் நூற்றாண்டில் புரெபிஸ்டா என்ற மன்னர் சிதறிக் கிடந்த குலங்களை ஒன்றாக்கினார். குடிப்பழக்கத்தை ஒழிக்கத் திராட்சைக் கொடிகளையே வெட்ட வைத்தார்கள் என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். கி.மு. 44இல், சீசர் கொல்லப்பட்ட அதே வருடம், இவரும் கொல்லப்பட்டார். நாடு துண்டானது. மறுபடி அதைச் சேர்த்துக் கட்டியவர் டெசிபாலஸ், கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில்.

டெசிபாலஸைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. டான்யூபைக் கடந்து வந்த கொர்னேலியஸ் ஃபுஸ்கஸ் என்ற ரோமானியத் தளபதியின் படையை அழித்தவர் அவர். அடுத்த போரில் தோற்றாலும், 89இல் பேரரசர் டொமிஷியனோடு செய்த உடன்படிக்கையில் ரோமிடமிருந்தே வருடா வருடம் பணமும், கட்டுமானம் தெரிந்த ஆட்களையும் வாங்கிக்கொண்டார். தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஒரு வல்லரசிடம் தோற்றும் கேட்டதை வாங்கிய மனிதர் அவர். டிராஜனால் இதைப் பொறுக்க முடியவில்லை. 101–102இல் ஒரு போர், 105–106இல் இன்னொன்று. இரண்டாவது போருக்காக டமாஸ்கஸைச் சேர்ந்த அப்போலோடோரஸ் என்ற கட்டடக் கலைஞர் டான்யூபின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான பாலம் கட்டினார். அதன் தூண்களில் மிச்சமிருப்பதை ட்ரோபெட்டா-டுர்னு செவெரின் ஊரில் இன்றைக்கும் பார்க்கலாம். தலைநகர் சர்மிசெகெதூசா விழுந்தது. தப்பி ஓடிய டெசிபாலஸ், ரோமானியக் குதிரைவீரர்கள் நெருங்கியதும் வளைந்த கத்தியால் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். அவர் தலையை டிராஜனிடம் கொண்டுபோன வீரர் டைபீரியஸ் கிளாடியஸ் மேக்சிமஸ். அந்த வீரரின் கல்லறைக் கல் 1965இல் கிரேக்க நாட்டில் கிடைத்தது. டெசிபாலஸை நோக்கிக் குதிரையில் பாயும் காட்சியும், நடந்தது என்ன என்பதும் அதில் செதுக்கியிருக்கிறது. இவ்வளவு பழைய ஒரு மரணத்துக்கு இவ்வளவு நேரடியான சாட்சி கிடைப்பது அபூர்வம்.

ஆனால் கவனியுங்கள், இந்தச் சாட்சியும் ஜெயித்தவனுடையது. டேசியர்கள் தங்களைப் பற்றி எழுதி வைத்தது என்று நம் கைக்கு எதுவும் வரவில்லை. அவர்கள் மொழியில் மிஞ்சியது மருந்துச் செடிகளின் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், ஆட்பெயர்கள், அவ்வளவுதான். கருங்கடல் ஓரம் டோமிஸுக்கு நாடு கடத்தப்பட்ட ரோமானியக் கவிஞர் ஓவிட், அந்த மக்களின் மொழியில் ஒரு கவிதை எழுதியதாக அவரே சொல்கிறார். அதுவும் தொலைந்துவிட்டது. ஜெயித்தவர் எழுதியதும் சரியாக மிஞ்சவில்லை. இந்தப் போரைப் பற்றி டிராஜன் எழுதிய நூலில், ஓர் இலக்கண ஆசிரியர் மேற்கோள் காட்டியதால் ஒரே ஒரு வாக்கியம் தப்பியது. இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்குப் போனோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மிஞ்சியதில் பெரியது ரோமில் நிற்கும் டிராஜன் தூண், 113இல் திறந்தது. அடியிலிருந்து உச்சி வரை சுற்றிச் சுற்றி ஏறும் சிற்பப் பட்டையில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட உருவங்கள். டேசியர்கள் என்ன உடுத்தினார்கள், எப்படிச் சண்டை போட்டார்கள் என்று ருமேனியர்கள் கண்ணால் பார்ப்பது இந்தத் தூணில்தான். தங்கள் முன்னோர் தோற்ற கதையை, தோற்கடித்தவர் ஊரில், தோற்கடித்தவர் எழுப்பிய கல்லில் பார்க்கிறார்கள். டேசியர் விஷயத்தில் அந்த மக்களுக்கு இருக்கும் உணர்ச்சி இங்கிருந்துதான் வருகிறது என்று நான் நம்புகிறேன். முன்னோர் வாய் திறக்காததால், அந்த இடத்தில் ஒவ்வொரு காலத்தவரும் தங்களுக்கு வேண்டியதைப் பேச வைத்தார்கள்.

முதலில் பேச வைத்தவர்கள் டேசியர்களை ஒதுக்கியே வைத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், இன்று ருமேனியாவின் ஒரு பகுதியான டிரான்சில்வேனியாவில் ருமேனியர்கள் எண்ணிக்கையில் அதிகம், ஆனால் அரசியலில் அவர்களுக்கு இடமே இல்லை. ஹங்கேரியப் பிரபுக்கள், ஜெர்மன் பேசும் சாக்சன்கள், ஹங்கேரி மொழி பேசும் செக்லர்கள் என்ற மூன்று பிரிவினருக்குத்தான் உரிமை. சமுயில் மிக்கு, கியோர்கே ஷின்காய், பெத்ரு மாயோர் போன்ற அறிஞர்கள் இதை எதிர்த்து, நாங்கள் ரோமின் நேரடி வாரிசுகள் என்று வாதாடினார்கள். ரத்தத்தில் கலப்பில்லை என்று காட்ட, டேசியர்கள் போரில் அழிந்தோ ஓடியோ போய்விட்டார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. கொத்தடிமைகளாக நடத்தப்பட்ட மக்களுக்குத் தலை நிமிர ஒரு வம்சம் தேவைப்பட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். பாத்யா கர்த்சான், 1849இல் பிறந்த ஆட்டிடையர். ஹங்கேரி ஆட்சியில் இருந்த டிரான்சில்வேனியாவுக்குள், மலை தாண்டி ருமேனியப் புத்தகங்களைக் கடத்தி வந்து கிராமங்களில் கொடுத்தவர். தன் மக்கள் ரோமிலிருந்து வந்தவர்கள் என்பதைத் தூணில் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று 1896இல் நடந்தே ரோமுக்குப் போனார். ஊரிலிருந்து கொண்டுபோன மண்ணையும் கோதுமையையும் தூணின் அடியில் போட்டுவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கினார். காலையில் ஆட்டுத்தோல் உடுப்போடு எழுந்தவரைப் பார்த்த ரோம் மக்கள், தூணில் இருந்த டேசியன் ஒருவன் இறங்கி வந்துவிட்டான் என்றார்களாம். ருமேனியாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை இது. ரோமானியன் என்று நம்பிப் போனவரை ரோம் டேசியன் என்று அடையாளம் கண்டது. உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

படித்தவர்களின் எண்ணமும் அதற்குள் மாறத் தொடங்கியிருந்தது. 1860இல் ஹஸ்தேவ் என்ற அறிஞர், டேசியர்கள் உண்மையிலேயே அழிந்தார்களா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். 1926இல் தொல்லியலாளர் வசிலே புர்வான் வெளியிட்ட பெரிய ஆய்வு டேசியர்களை மண்ணுக்கடியிலிருந்து எடுத்துக் காட்டியது. அப்புறம் வந்தது கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சவுசெஸ்குவின் காலம். 1980இல் புரெபிஸ்டாவின் அரசுக்கு 2050ஆம் ஆண்டு விழா என்று நாடு முழுக்கக் கொண்டாட வைத்தார்கள். ஒரே தலைவன், ஒரே நாடு, வெளியார் யாருக்கும் பணியாத ஆட்சி என்று புரெபிஸ்டாவைக் காட்டி, அந்த வரிசையின் கடைசியில் சவுசெஸ்குவை நிறுத்தினார்கள். கிளுஜ் நகரின் பெயரோடு பழைய பெயரான நபோக்காவைச் சேர்த்ததும் அந்த ஆட்சிதான், 1974இல். இன்றைக்கு இணையத்தில், லத்தீனே டேசியரிடமிருந்து போனது, உலக நாகரிகமே கார்பாத்தியத்தில் பிறந்தது என்றெல்லாம் சொல்லும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதில் ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. அது எனக்குக் கோபத்தையே தருகிறது. உள்ளபடியே பெருமை உள்ள ஒரு மக்களுக்குப் பொய்ப் பெருமை கட்டுவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

அப்படியானால் உண்மை எவ்வளவு? 106க்குப் பிறகு டிராஜன் பேரரசின் பல பகுதிகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார், டேசியாவில் ஆண்களே மிஞ்சவில்லை என்று ரோமானிய வரலாற்றாசிரியர் யூட்ரோபியஸ் எழுதினார். ஆனால் ரோமானிய ஆட்சிக் காலக் கிராமங்களைத் தோண்டினால் கையால் வனைந்த டேசியப் பானைகள் தொடர்ந்து கிடைக்கின்றன. டேசிய ஆண்களை ரோமானியப் படையிலும் சேர்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஹேட்ரியன் சுவரில் உள்ள பேர்டோஸ்வால்ட் கோட்டையில் டேசியப் படைப்பிரிவு ஒன்று பல தலைமுறை இருந்தது. அவர்களின் வளைந்த வாள் அங்குள்ள கல்லில் செதுக்கியிருக்கிறது. ஒரு கல்லறைக் கல்லில் டெசிபாலஸ் என்ற பெயரும் இருக்கிறது. செத்த மன்னனின் பெயரை உலகத்தின் மறுகோடியில் யாரோ தன் வீட்டுப் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள்! ஆக, அந்த மக்கள் அடியோடு அழியவில்லை. ருமேனிய மொழியிலும் லத்தீனில் வேர் கிடைக்காத, அல்பேனிய மொழியில் மட்டும் ஒத்த வடிவம் உள்ள சொற்கள் சில இருக்கின்றன. ஆடு மாடு, மரம், அடுப்பு சார்ந்த சொற்கள். அவை டேசிய மொழியின் மிச்சமாக இருக்கலாம் என்பது பல மொழியியலாளர்கள் கருத்து.

சிக்கல் 270களில் தொடங்குகிறது. பேரரசர் ஆரேலியன் டேசியாவைக் கைவிட்டுப் படையையும் நிர்வாகத்தையும் டான்யூபுக்குத் தெற்கே நகர்த்திவிட்டார். லத்தீன் பேசிய மக்கள் அங்கேயே தங்கினார்களா, இல்லை பல நூற்றாண்டு கழித்துத் தெற்கிலிருந்து வடக்கே வந்தார்களா என்று ருமேனிய, ஹங்கேரிய அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து மோதிக்கொள்கிறார்கள். இடையில் எழுத்துச் சான்று மிகக் குறைவு. 1920 டிரியனான் உடன்படிக்கையில் டிரான்சில்வேனியா ருமேனியாவுக்குப் போனதால் இதில் அரசியலும் ஏறிக்கொண்டது. முதலில் வந்தவன் யார் என்பதை வைத்து இன்று வாழ்கிறவர்களின் உரிமையை அளப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பக்கம் சரியாக இருந்தாலும் அந்த மலையிலுள்ள டேசியக் கற்களைக் காக்கும் பொறுப்பு ருமேனியர்களுக்குத்தான் இருக்கிறது.

அந்தக் கற்களைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். ஓராஷ்டியே மலைகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல், பீச் மரக் காட்டுக்குள் இருக்கிறது சர்மிசெகெதூசா ரெஜியா. கோட்டைச் சுவருக்கு இரண்டு பக்கமும் செதுக்கிய சுண்ணாம்புக் கல், நடுவில் மண்ணும் உடைகல்லும், இரண்டு முகங்களையும் பிணைக்க மரச்சட்டங்கள். சட்டம் வந்து உட்காரும் பள்ளங்களை இன்றும் கல்லில் தொட்டுப் பார்க்கலாம். அந்தக் கல் மலையில் கிடைப்பதில்லை, பல கிலோமீட்டர் தள்ளியுள்ள குவாரியிலிருந்து மேலே ஏற்றியிருக்கிறார்கள். சுடுமண் குழாயில் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள், இரும்பு உருக்கியிருக்கிறார்கள். வட்ட வடிவக் கோயில்களும், சூரியன் போல் கதிர் விரித்த பெரிய கல்வட்டமும் இருக்கின்றன. இந்த இடத்தையும் இன்னும் ஐந்து டேசியக் கோட்டைகளையும் 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கொடுமை என்னவென்றால், அதே 1999 வாக்கில் திருடர்கள் மெட்டல் டிடெக்டரோடு அந்தக் காட்டுக்குள் நுழைந்து, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள தங்கக் கங்கணங்களைத் தோண்டி எடுத்து வெளிநாட்டில் விற்றுவிட்டார்கள். பாம்பு சுருண்டதுபோல் வளைந்த, இருபதுக்கும் மேற்பட்ட கங்கணங்கள். பல வருடம் துரத்தி ருமேனிய அரசு 13ஐ மீட்டது. முதலில் இவை போலி என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. சோதித்ததில் டிரான்சில்வேனியா மண்ணின் இயற்கைத் தங்கம் என்று தெரிந்தது. அவற்றில் மூன்றும், கோட்சொஃபெனெஷ்டி தங்கத் தலைக்கவசமும் நெதர்லாந்தின் அசென் நகர அருங்காட்சியகத்தில் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, 2025 ஜனவரியில் வெடி வைத்துக் கதவைத் தகர்த்துத் திருடிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று கிளுஜிலிருந்து பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டார். வீட்டில் துக்கம் நடந்தவர்போல் பேசினார். நானும் அப்படித்தான் இருந்தேன்.

நேரில் பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சர்மிசெகெதூசா என்ற பெயரில் இரண்டு இடங்கள் உண்டு. சமவெளியில் சாலையோரம் இருப்பது டிராஜன் காலத்தில் கட்டிய ரோமானியத் தலைநகர் உல்பியா டிராயானா. டேசியத் தலைநகர் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கிறது. பயணிகள் பலர் முதலாவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஓராஷ்டியே ஊரிலிருந்து கொஸ்டெஷ்டி வழியாக மேலே போங்கள், போகிற வழியிலேயே இன்னும் இரண்டு கோட்டைகள் வரும். ரோமுக்குப் போக முடியாதவர்கள் டிராஜன் தூணின் சிற்பங்களை அச்செடுத்து வார்த்த பிரதியைப் புக்கரெஸ்ட் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், உருவங்கள் கண் உயரத்தில் இருக்கும். போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.