எந்த நூற்றில் எத்தனை? நிகழ்தகவு குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உயர்நிலை வகுப்புகளுக்கு நிகழ்தகவு நடத்துகிறேன். சூத்திரத்தைக் கொடுத்தால் மாணவர்கள் கணக்கைச் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் நாணயத்தைச் சுண்டி ஐந்து முறை தொடர்ந்து தலை விழுந்துவிட்டால், ‘அடுத்தது பூதான்’ என்று அதே மாணவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். எங்கே தவறு நேர்கிறது?

பதில்: ஒன்றின் முடிவு மற்றொன்றின் வாய்ப்பை மாற்றாத சார்பிலா நிகழ்ச்சிகளின் வரையறையை மாணவர்கள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள், நாணயத்துக்கு நினைவாற்றல் கிடையாது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. பலமுறை சுண்டினால் தலையின் விகிதம் பாதியை நெருங்கும் என்று பாடத்தில் படித்திருப்பதால், முன்பு கூடுதலாக விழுந்த தலைகளை ஈடுகட்ட இனிப் பூக்கள் கூடுதலாக விழுந்தாக வேண்டும் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். யாக்கோப் பெர்னூலியின் நூலில் 1713இல் வெளியான பெரும் எண்களின் விதி அப்படிச் சொல்லவில்லை. ஐந்து தலைகளுக்குப் பிறகு நாணயத்தை மேலும் 1,000 முறை சுண்டி, அவற்றில் சரியாக 500 தலைகள் விழுந்தன என்று கரும்பலகையில் எழுதுங்கள். மொத்தம் 1,005இல் 505 தலைகள், அதாவது 50.25 விழுக்காடு. கூடுதலாக விழுந்த ஐந்து தலைகளை எதுவும் ஈடுகட்டவில்லை. அவை பெரிய எண்ணிக்கைக்குள் கரைந்துவிட்டன, அவ்வளவுதான். இந்த ஒரு வரிக் கணக்கை மாணவர்களே போட்டுப் பார்த்தால், பத்துப் பக்க விளக்கத்தை விட அது ஆழமாகப் பதியும்.

இதன்பின் ஒரு பயிற்சி செய்யலாம். வகுப்பில் பாதிப் பேர் உண்மையாகவே 100 முறை நாணயத்தைச் சுண்டி முடிவுகளை வரிசையாக எழுதட்டும். மறுபாதியினர் சுண்டாமலே, சுண்டியது போலத் தோன்றும் ஒரு வரிசையைக் கற்பனையாக எழுதட்டும். நீங்கள் வெளியே சென்று திரும்பி வந்து, எது உண்மை, எது கற்பனை என்று தாள்களைப் பிரியுங்கள். ஒரே முகம் தொடர்ந்து ஆறு முறையோ அதற்கு மேலோ வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். உண்மையான 100 சுண்டல்களில் அப்படி ஒரு தொடர் அமைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு. கற்பனையாக எழுதுபவர்களோ நான்கு தலைகளை அடுத்தடுத்து எழுதியவுடனேயே கை கூசிப் பூவுக்கு மாறிவிடுவார்கள். பெரும்பாலான தாள்களை நீங்கள் சரியாகப் பிரித்துக் காட்டும்போது வகுப்பில் எழும் வியப்பை வீணாக்க வேண்டாம். சார்பின்மை என்ற சொல்லை அறிமுகப்படுத்த வேண்டிய நேரம் அதுதான்.

கேள்வி: கூறுவெளி (நடக்கக்கூடிய எல்லா முடிவுகளின் தொகுப்பு), நிகழ்ச்சி என்று வரையறைகளிலிருந்து பாடத்தைத் தொடங்குவதா, கணக்கிலிருந்து தொடங்குவதா?

பதில்: கணக்கிலிருந்துதான். துறையே அந்த வரிசையில்தான் வளர்ந்தது. கணித மேதைகளான பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் கடிதங்களில் விவாதித்த பந்தயக் கணக்கு முன்னால் வந்தது. நிகழ்தகவுக்கு முறையான அடித்தளமிட்ட கோல்மகோரோவின் அடிகோள்கள், அதாவது அடிப்படை விதிகள், 1933இல்தான் வந்தன. அந்தக் கணக்கை அப்படியே வகுப்பில் வையுங்கள். இருவர் தலைக்கு 32 காசு வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு 64 காசும் சேரும். ஒருவர் இரண்டு ஆட்டமும் மற்றவர் ஒன்றும் வென்றிருக்கும்போது ஆட்டம் நின்றுவிடுகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது? மாணவர்கள் பலரும் 2:1 என்பார்கள். பாஸ்கல் முன்னால் நடக்கக்கூடியதைப் பார்த்தார். அடுத்த ஆட்டத்தையும் முதலாமவர் வென்றால் 64ம் அவருடையது. தோற்றால் இருவரும் சமம், ஆளுக்கு 32. ஆகவே 32 அவருக்கு எப்படியும் உறுதி, எஞ்சிய 32இல் பாதிக்கு அவர் உரியவர், மொத்தம் 48. எதிர்பார்ப்பு மதிப்பு என்ற கருத்து முழுவதும் இந்த நான்கு வரிகளுக்குள் இருக்கிறது.

மாணவர்கள் தவறு செய்தால் கடிந்துகொள்ள வேண்டாம். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று 1754இல் எழுதியவர் டலாம்பேர் என்ற பெரும் கணித மேதை. முதல் முறையே தலை, இரண்டாம் முறை தலை, இரண்டும் பூ என்று மூன்று முடிவுகளை எண்ணி, அவை சம வாய்ப்புள்ளவை என்று அவர் கொண்டுவிட்டார். சரியான விடை நான்கில் மூன்று.

கேள்வி: ஆய்வு மாணவன் நான். என் சோதனையில் பி மதிப்பு 0.03 வந்திருக்கிறது. என் கருதுகோள் சரியாக இருப்பதற்கான வாய்ப்பு 97 விழுக்காடு என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. இது மிகவும் பரவலான பிழை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். விளைவு எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், உங்களுக்குக் கிடைத்ததைப் போன்ற, அல்லது அதைவிடத் தீவிரமான தரவு கிடைக்கும் வாய்ப்பு 3 விழுக்காடு என்பதே பி மதிப்பின் பொருள். நீங்கள் எழுத விரும்புவது இதன் மறுதிசை: இந்தத் தரவு கிடைத்திருக்கும் நிலையில் கருதுகோள் சரியாக இருக்கும் வாய்ப்பு. மழை பெய்த நாளில் வானத்தில் மேகம் இருந்திருக்கும் என்பது ஏறக்குறைய உறுதி. மேகம் இருந்த நாளெல்லாம் மழை பெய்வதில்லை. நிபந்தனை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறிவிடுகிறது.

மருத்துவத்தில் இதே பிழை 1978இல் வெளியான ஓர் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோய். நோயில்லாதவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் நோய் இருப்பதாகத் தவறாகக் காட்டும் பரிசோதனை. ஒருவருக்கு நோய் இருப்பதாக முடிவு வந்தால் அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும் வாய்ப்பு என்ன? மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களுமாக 60 பேரிடம் கேட்டதில் 11 பேர் மட்டுமே சரியான விடை சொன்னார்கள். மிகுதியாக வந்த விடை 95 விழுக்காடு. ஆயிரம் பேரை மனத்தில் நிறுத்தினால் நிபந்தனையின் திசையைத் திருப்பிக் கணக்கிட உதவும் பேயஸ் தேற்றத்தின் சூத்திரம் இல்லாமலே விடை தெரிந்துவிடும். நோயாளி ஒருவர்; நோயில்லாத 999 பேரில் சுமார் 50 பேருக்குத் தவறான முடிவு; ஆக 51 பேரில் ஒருவர், ஏறத்தாழ 2 விழுக்காடு.

உங்கள் ஆய்வையும் இப்படியே ஆட்களாக எண்ணிப் பாருங்கள். ஒரு துறையில் சோதிக்கப்படும் 1,000 கருதுகோள்களில் 100 மட்டுமே உண்மை என்று கொள்வோம். உண்மையான நூற்றில் 80ஐச் சோதனை கண்டுபிடிக்கிறது. பொய்யான 900இல், பி மதிப்பு 0.05க்குக் கீழே இருந்தால் தேறியது என்ற வழக்கமான எல்லைப்படி, 45 தவறுதலாகத் தேறிவிடுகின்றன. தேறிய 125இல் 45 பொய், அதாவது 36 விழுக்காடு. உண்மையானவை நூறு அல்ல, ஐந்நூறு என்று தொடங்கியிருந்தால் இந்த விகிதம் 6 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். சோதனையும் எல்லையும் மாறவில்லை. தொடக்க விகிதம் மட்டுமே மாறியது. அதைப் பற்றிப் பி மதிப்புக்கு எதுவும் தெரியாது. கருதுகோள் உண்மையாக இருக்கும் நிகழ்தகவைப் பி மதிப்பு அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் வெளிப்படையாகவே அறிக்கை விட்டது. ஆகவே விளைவின் அளவையும் அந்த அளவு எந்த வரம்புக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்து எழுதுங்கள்; எத்தனை சோதனைகள் செய்து அவற்றில் இதைத் தேர்ந்தீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: சட்டம் படிக்கிறேன். தனித்தனி நிகழ்தகவுகளைப் பெருக்கிக் காட்டும் நிபுணர் சாட்சியத்தை எப்படிச் சோதிப்பது?

பதில்: பெருக்கியதற்கு உரிமை இருந்ததா என்று முதலில் கேளுங்கள். இங்கிலாந்தில் 1999இல் ஒரு தாய், தன் இரு கைக்குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணமறியாமல் தொட்டிலில் இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று என்றும், இரண்டு இறப்புக்கு அதை அதனாலேயே பெருக்கி சுமார் 7.3 கோடியில் ஒன்று என்றும் நிபுணர் சொன்னார். இரு குழந்தைகளுக்கும் மரபணுக்களும் வீடும் பொது. முதல் இறப்பு நேர்ந்த வீட்டில் இரண்டாவது இறப்பின் வாய்ப்பு அதே எண்ணாக இருக்க வேண்டியதில்லை. அடுத்து, அந்த எண் தாய் குற்றமற்றவர் என்பதற்கான வாய்ப்பாகவும் புரிந்துகொள்ளப்பட்டது. ஒரு தாய் இரு குழந்தைகளைக் கொல்வதும் மிக அரிது என்பதால் இரண்டு அரிய நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டிருக்க வேண்டும். ராயல் புள்ளியியல் சங்கம் 2001இல் இந்தப் பெருக்கலை வெளிப்படையாகக் கண்டித்தது. வெளிவராதிருந்த ஓர் ஆய்வக முடிவு வெளியே வந்ததையடுத்து 2003இல் தண்டனை ரத்தாகி அந்தத் தாய் விடுதலையானார். அதற்குள் மூன்றாண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் இருந்திருந்தார்.