சுண்ணாம்பு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்

ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷெட் லேபில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன். வாஸ்து கேட்காதீர்கள்.

காட்பாடி: கல்லைச் சுட்டால் எடை ஏன் குறைகிறது சார்?
கல் என்பது கால்சியம் கார்பனேட். 900 டிகிரி செல்சியஸ் வாக்கில் கரியமில வாயு பிரிந்துவிடும். சுத்தமான கல் 100 கிலோவுக்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும்.

குடியாத்தம்: போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு?
அதுவும் கார்பனேட்தான். வினிகர் ஊற்றுங்கள், நுரைத்துக் கரையும்.

ஆம்பூர்: தோல் ஊறும் தொட்டியில் எவ்வளவு சுண்ணாம்பு கொட்டினாலும் பிஎச் (காரத்தின் அளவு) 12.5க்கு மேல் ஏறவில்லையே?
நல்ல கேள்வி. நீற்றிய சுண்ணாம்பு, அதாவது சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டு எடுத்தது, லிட்டருக்கு ஒன்றரை கிராம் சொச்சம்தான் கரையும். மீதி அடியில் வண்டலாகக் கிடந்து, தோல் இழுக்க இழுக்கக் கரைந்து ஈடுகட்டும். அதனால்தான் தோல் வெந்துபோகாமல் மெதுவாக உப்புகிறது. ஆனால் அந்தத் தண்ணீரில் மயிர் கரைக்கப் போட்ட சோடியம் சல்பைடும் இருக்கும். ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டதே என்று இறங்குபவர் ஏறமாட்டார்.

ஆற்காடு: சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றலாமா?
தண்ணீரில்தான் கல்லைப் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போடுங்கள்.

பேரணாம்பட்டு: கிளிஞ்சல் சுண்ணாம்புதான் அசல். கல் சுண்ணாம்பு போலி.
சுட்டபின் இரண்டும் கால்சியம் ஆக்சைடு அண்ணே.

பேரணாம்பட்டு: அப்போ எங்க தாத்தா கிளிஞ்சல்தான் வேணும்னு அலைஞ்சது வீணா?
வீணில்லை. வித்தியாசம் அழுக்கில். கிளிஞ்சலில் களிமண் குறைவு, வெள்ளையும் மென்மையும் கிடைக்கும்; மெருகுப் பூச்சுக்கு அதுதான். ஓடையோரச் சுக்காங்கல்லில் களிமண் கலந்திருக்கும். சுட்டால் அந்த மண் சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலும் இறுகும். அஸ்திவாரத்துக்கு நான் அதைத்தான் எடுப்பேன்.

வாலாஜா: தாத்தா கட்சிதான் நான். கல் சுண்ணாம்பு பூசி வெடிப்பு விட்டது.
சரியாக நீறாத கட்டி உள்ளே இருந்திருக்கும். பூசிய பிறகு அது நீறி உப்பினால் வெடிக்கத்தான் செய்யும். ஊறவிட்டுச் சலிக்காத கொத்தனாரைக் கேளுங்கள்.

பேரணாம்பட்டு: கிளிஞ்சலில் அந்தத் தொல்லையே இல்லை!
அதிகமாக வெந்தால் அதிலும் உண்டு. சந்தேகமிருந்தால் சுடாத கிளிஞ்சல் பொடியையும் சுக்காங்கல் பொடியையும் தனித்தனியே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் போடுங்கள். கரையாமல் நிற்கும் மண்ணைப் பாருங்கள், பிறகு சண்டை போடுவோம்.

திருப்பத்தூர்: சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்?
ஆற்காட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலூர்: தண்ணீர் எவ்வளவு ஊற்றணும்?
ஊற்றாதீர்கள்!